சாரி-புலுங்கில் ஒருவரும் விலகவில்லை

எனக்குக் குமிஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரு கிண்ணம் உள்ளே போனால் மறுநாள் மதியம் வரை வயிறு என் பேச்சைக் கேட்காது. இது ஒரு பெரிய குறையா என்று நீங்கள் கேட்கலாம். பிஷ்கெக் நகரத்தில் உட்கார்ந்திருந்தால் குறையே இல்லை. ஆனால் மலைவாசிகளின் இதயநோயை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவன் நான். மேய்ச்சல் மலையில் ஒரு கூடாரத்துக்குள் நுழைந்ததும் முதலில் நீளுவது அந்தப் புளித்த குதிரைப்பால் கிண்ணம்தான். தேநீரே போதும் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், இரத்தம் எடுக்கக் கை நீட்டுவார்கள், போகும்போது ரொட்டி கட்டிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

விசாரணைக் குழுவினரான நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் அழைத்திருக்கிறீர்கள். டாக்டர் ஐகனிஷ் நடத்திய மருந்துச் சோதனையில் அசன்குல் என்ற மேய்ப்பன் இறந்துபோனான். அந்தச் சோதனைக்குக் கண்காணிப்பாளராக இருந்த தெமிர்கான் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். மன்னிக்கவும், ஒரு பக்கத்தில் இது அடங்காது. நான் எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லும் ஆள். என் மாணவர்கள் இதை வைத்து என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியும்.

ஐகனிஷை எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்தது நான்தான். இதை அவளே எல்லா இடத்திலும் சொல்வாள், அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. நகரத்தில் பிறந்து வளர்ந்த பெண். முதல் கோடையில் மலைக்கு வந்தபோது குதிரைமேல் ஏறத் தெரியாது. கூடாரத்தில் குமிஸ் கொடுத்தார்கள். மூன்று கிண்ணம் குடித்தாள். நான்காவதற்குக் கையை நீட்டிக்கொண்டே, "அக்கா, இது இவ்வளவு புளிக்குதே, எந்தக் குதிரைக்கு என்மேல இவ்வளவு கோபம்?" என்றாள். கூடாரமே சிரித்தது. நான் பல கோடைகளாகப் போய்வந்த கூடாரம் அது. அந்த வீட்டுக்காரிக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குமுன் அவள் என் எதிரில் வாய்விட்டுச் சிரித்ததில்லை.

அப்போது நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி மெலிந்த காற்றில் வாழ்கிறவர்களின் இதயத்தைப் பற்றியது. உயரத்தில் பல வருடம் வாழும் சிலருக்கு இதயத்தின் வலதுபக்கம் வீங்கிப்போகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்று தெரிய, கையின் இரத்தநாளம் வழியே மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி அழுத்தத்தை அளக்க வேண்டும். அளந்தேன். எங்கள் காலத்தில் எல்லோரும் செய்ததைப் போல, ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டுச் செய்தேன். ஒருவன் மட்டும் பாதியில் குழாயை எடுக்கச் சொன்னான். இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது. எடுக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் ஆடு மேய்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

அந்த முடிவுகளை வெளிநாட்டு விருந்தினர்கள் முன்னால் வாசித்தேன். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஐகனிஷ் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம் டாக்டர். அவங்களுக்கு என்ன செய்யப் போறோம்னு யாராவது சொன்னாங்களா?"

"ஊர்த் தலைவர்கிட்ட விவரமாச் சொன்னோம்."

"குழாய் போனது தலைவரோட இதயத்துக்குள்ள இல்லையே."

அதை விருந்தினர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்தது. என் கட்டுரையை எந்தப் பத்திரிகையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் அவள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுத் திருப்பி அனுப்பியது. அன்று என் வயிறு எரிந்தது, குமிஸ் குடிக்காமலே. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் கேட்டது சரியான கேள்வி என்பதால் அல்ல. அதை என் மாணவியாக இருந்துகொண்டு என் முகத்துக்கு நேரே, எந்தப் பயமும் இல்லாமல், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டாள் என்பதால். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு அவள் தனக்கென்று ஒரு வழியை உருவாக்கினாள். சோதனையைப் பற்றிக் கூடாரத்திலேயே உட்கார்ந்து, ஆடு மேய்க்கிறவனுக்குப் புரிகிற சொற்களில் வாசிப்பாள். கணவனிடம் தனியாகக் கேட்பாள், மனைவியை வெளியே அழைத்துப்போய்த் தனியாகக் கேட்பாள். அன்றே பதில் வாங்கமாட்டாள். ஓர் இரவு போகட்டும் என்று இறங்கிவிட்டு மறுநாள் வருவாள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பதைப் பலமுறை சொல்வாள். ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச அவளை அழைத்தார்கள். என்னையும் கூடவே அழைத்தார்கள். அறிவியலின் பலனில் பங்கு பெறுவது மனித உரிமை என்று எல்லோரும் பேசுகிறோம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதற்கு முன்னால் வரவேண்டும் என்று பேசினாள். நல்ல பேச்சு. நானும் கைதட்டினேன், பக்கத்தில் இருப்பவர் பார்க்கும்படியாகவே தட்டினேன். தேநீர் இடைவேளையில் ஒருவர் என்னைப் பார்த்து, நீங்கள் ஐகனிஷிடம் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது.

மலை இதயநோய்க்கு ஒரு மாத்திரை வந்தது. அதைச் சோதிக்கும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது. பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு அதைப்போலவே இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று உண்பவருக்கும் தெரியாது, நடத்தும் ஐகனிஷுக்கும் தெரியக்கூடாது. தெரிந்தவன் ஒருவன் வெளியே இருக்கவேண்டும். மாதாமாதம் வரும் இரத்த முடிவுகள் அவனிடம் மட்டும் போகும். மருந்து யாருக்காவது கேடு செய்வதாகத் தெரிந்தால் நிறுத்து என்று ஒரு வரி எழுதுவது அவன் வேலை. அவன் எழுதினால் அன்றே எல்லாம் நின்றுவிடும்.

அந்த வேலைக்கு என்னைக் கேட்க அவளே என் அறைக்கு வந்தாள். தனியாக இருக்கும்போது என்னை அண்ணே என்பாள்.

"அண்ணே, கண்காணிப்பாளரா நீங்கதான் இருக்கணும்."

"என்னையா? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைப்பாங்க. ஆனா எல்லாரும் எனக்கு வேண்டியவங்க. நான் தப்புப் பண்ணா பரவாயில்லம்மான்னு விட்டுடுவாங்க. நீங்க விடமாட்டீங்க. நான் எழுதினதுல ஒரு புள்ளி இடம் மாறினாலும் சிவப்புல சுழிச்சு அனுப்புறவர் நீங்க."

"இது பாராட்டா, குத்தலா?"

"ரெண்டும்தான். அந்த மலைஜனங்களைப் பாதுகாக்க என்மேல சந்தேகப்படுற ஆள் ஒருத்தர் வேணும். உங்களை விட்டா யாரு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் மனதில் இருப்பது அவளுக்கு இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது, அதை ஒரு கருவியாக எடுத்து மேஜைமேல் வைக்கும் அளவுக்கு அது அவளை உறுத்தவே இல்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

ஜூன் மாதம் சாரி-புலுங் மேய்ச்சலுக்கு அவளுடன் நானும் ஏறினேன். அங்கே முகாமிட்டிருந்த கூடாரங்களுக்கு மூத்தவன் அசன்குல். ஐம்பதைத் தாண்டியவன், என்னைவிட இளையவன், என் குலத்தான். அவன் மனைவி புருல்ச்சா வாய்ப்பேச்சில் கெட்டிக்காரி. ஐகனிஷ் அவளைத் தனியாக வெளியே அழைத்துப்போனபோது, "புருஷனுக்குத் தெரியாம என்கிட்ட ரகசியம் கேக்கிற முதல் டாக்டர் நீதான்டி. கேளு, எல்லாத்தையும் சொல்றேன்" என்றாள். முதல் நாள் வாசித்துவிட்டு இறங்கினோம். மறுநாள் போனபோது எல்லாக் கூடாரத்தாரும் ஒன்றாகக் கூடியிருந்தார்கள். ஆடு அறுத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதம் சொன்னார்கள், அவள் கேட்டபடி, அவள் விதிப்படி. சாப்பாடு முடிந்தது.

அப்போது அசன்குல் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தினான். கூடாரத்தில் இருந்த எல்லோரும் ஏந்தினார்கள்.

"நீ வந்த வழி வெளிச்சமா இருக்கட்டும். உன் மருந்து எங்க பிள்ளைங்க நெஞ்சுக்கு உதவட்டும். எடுத்த காரியம் நடுவுல நிக்காம முடியட்டும். ஓமின்."

அப்படியே ஆகட்டும் என்ற பொருளில் எல்லோரும் ஓமின் என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஐகனிஷும் தடவிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. நானும் தடவிக்கொண்டேன்.

எத்தனையோ கோடைகள் நான் அந்த மலைக்குப் போயிருக்கிறேன். விருந்து முடிவில் பொதுவாகச் சொல்லும் ஆசியை நானும் கேட்டிருக்கிறேன், அது விருந்தினர் எவருக்கும் உண்டு. என் வேலைக்கென்று, என் கைக்கென்று எவனும் உள்ளங்கை ஏந்தியதில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது என்பதே அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. அவளுக்குக் கிடைத்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே நீங்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஐகனிஷ் நகரத்துப் பெண். அவளுக்கு ஆசி என்பது சாப்பிட்டு எழுவதற்குமுன் சொல்லும் நல்ல வார்த்தை. நான் மலையில் பிறந்தவன். காரியத்தைப் பெயர் சொல்லி, நடுவில் நிற்காமல் முடியட்டும் என்று மூத்தவன் கையேந்திவிட்டால், ஓமின் சொன்ன எவனும் அதிலிருந்து பின்வாங்கமாட்டான். பின்வாங்கினால் அவன் பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகிற இடத்திலும் அது பேசப்படும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அவள் அவ்வளவு பாடுபட்டுச் சொன்னாளே, அந்த உரிமை அந்தச் சாப்பாட்டோடு முடிந்துபோயிற்று. அவள் அதற்குக் கண்கலங்கி நன்றி சொன்னாள். அந்தக் கூடாரத்தில் இது தெரிந்த ஆராய்ச்சியாளன் நான் ஒருவன்தான்.

இறங்கும்போது ஜீப்பில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவள் மறுநாள் திரும்ப ஏறி, ஆசி வேறு சோதனை வேறு என்று அசன்குல் வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொல்லவைத்திருப்பாள். அதையும் அழகாகச் செய்திருப்பாள். அதைப் பற்றியும் எங்காவது பேச அழைத்திருப்பார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முதல் மாத இரத்தம் சுத்தமாக இருந்தது. அடுத்த மாதத்தில் மருந்து உண்பவர்கள் சிலருக்குக் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. மாவு உண்பவர்களுக்கு ஏறவில்லை. அதற்கடுத்த மாதம் அது இன்னும் தெளிவாகிவிட்டது. அசன்குலுக்கு எல்லோரையும்விட அதிகம். அவன் மருந்துப் பக்கம் இருந்தவன், அது எனக்குத் தெரியும். நிறுத்து என்று எழுதவேண்டிய இடம் எது என்பதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எனக்கும் வரவில்லை.

நான் ஏன் எழுதவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவருக்கும் பெரிய கேடு வருவதற்குமுன் சோதனை நின்றிருக்கும். எல்லோரும் பிழைத்திருப்பார்கள். பாருங்கள், ஐகனிஷின் முறை எவ்வளவு பாதுகாப்பானது, தன்னைப் பிடிக்காதவனையே காவலுக்கு வைத்தாள், எவ்வளவு தொலைநோக்கு என்று உலகம் சொல்லியிருக்கும். என் வரி அவளுடைய வெற்றியாகியிருக்கும். என் சந்தேகம், என் வயிற்றெரிச்சல், எல்லாவற்றையும் அவள் முன்கூட்டியே கணக்கில் எடுத்து நல்லதுக்குப் பயன்படுத்திக்கொண்டாள் என்று ஆகியிருக்கும். அதை என்னால் செய்ய முடியவில்லை. அவள் முறை தோற்க வேண்டுமானால் யாருக்காவது ஏதாவது ஆகத்தான் வேண்டும். நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. வருவதற்கு இடம் விட்டேன், அவ்வளவுதான்.

விதியும் எனக்கு இடம் கொடுத்தது. அளவுகள் ஐயத்துக்கு இடமாக இருந்தால் கண்காணிப்பாளர் அடுத்த மாதம் வரை பார்க்கலாம் என்று இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதியதே ஐகனிஷ்தான்.

இதற்கிடையில் அவள் நிறுவனக் கூட்டத்தில் ஓர் அறிக்கை வாசித்தாள். இத்தனை மாதத்தில் ஒருவர்கூடச் சோதனையிலிருந்து விலகவில்லை, வேறெங்கும் இப்படி நடந்ததில்லை, முழுமையாகத் தெரிந்து சம்மதித்தவர்கள் விலகுவதில்லை என்பதற்கு இது அடையாளம் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. முதன்முறையாக அவள் தவறாக ஒன்றைச் சொல்கிறாள், அது தவறு என்று எனக்கு மட்டும் தெரிகிறது. அதை அனுபவிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் அசன்குல் என் அறைக்கு வந்தான். ஆடு விற்க நகரத்துக்கு வந்தவன், கேட்டுக் கேட்டு என்னிடம் வந்துசேர்ந்தான். தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஒரு துணிப்பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டைகள் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, உடம்பெல்லாம் அரிக்குது. இறைச்சி வாடை வந்தாலே குமட்டுது. ஆட்டுக்காரனுக்கு ஆடு ஆகலைன்னா ஊர் சிரிக்காதா?"

அவன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளேறி நெய் நிறத்துக்கு வந்திருந்தது.

"இது மாத்திரையால இருக்குமா?"

"எதனால வேணும்னாலும் இருக்கலாம்."

"நிறுத்திடுன்னு புருல்ச்சா தினம் சண்டை போடுறா. டாக்டரம்மாவும் எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்னுதான் சொல்லிச்சு. ஆனா நான் கையேந்திட்டேனே அண்ணே."

நான் தேநீர் ஊற்றினேன். ரொட்டியைப் பிய்த்து அவன் முன்னால் வைத்தேன். அவன் ஒரு துண்டை எடுத்து மரியாதைக்கு வாயில் போட்டுக்கொண்டு விழுங்கக் கஷ்டப்பட்டான்.

"நீங்க நம்ம குலம். மலையில பொறந்தவர், டாக்டரும்கூட. உங்களைவிட இதை யார்கிட்ட கேக்கிறது? நிறுத்தினா அது சொன்னதைத் திருப்பி வாங்குறதாகுமா?"

ஆகாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவன் எழுந்து போய் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பான். அவனுக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தான். அந்த நேரத்தில் நிறுத்தியிருந்தால் கல்லீரல் மெல்ல மெல்லத் தேறியிருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்கும் நோக்கம் எனக்கில்லை.

"உன்கூட எத்தனை பேர் ஓமின் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான்."

"முன்னால கையேந்தினவன் நீ. நீயே திருப்பி வாங்கினா அவங்க தங்களோட ஓமினை எங்க கொண்டுபோய் வைப்பாங்க?"

அவன் கொஞ்சநேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"அதுவும் சரிதான். நல்லவேளை உங்ககிட்ட கேட்டேன். டாக்டரம்மாகிட்டப் போயிருந்தா அதுக்கு மனசு நொந்திருக்கும்." வாசல்வரை போனவன் திரும்பினான். "இந்த அரிப்பை மட்டும் அதுகிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

"எதுக்கு? அவளுக்குத் தலைக்குமேல வேலை. நான் பார்த்துக்கறேன்."

"சரி அண்ணே."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். அவன் கொண்டுவந்த தயிர் உருண்டைகளை ஒரு வாரம் வைத்துத் தின்றேன். அவை எனக்கு ஒத்துக்கொள்ளும்.

மந்தைகளைக் கீழே இறக்கும் சமயத்தில் அசன்குல் படுத்துவிட்டான். வயிறு வீங்கி, நினைவு தப்பி, மனைவியையே அடையாளம் தெரியாமல் கிடந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கணவாயில் முன்பனி விழுந்து ஜீப் ஏறவில்லை. குதிரைமேல் கட்டி இறக்கிக்கொண்டு வரும்போது வழியிலேயே இறந்தான். இன்னும் இருவர் மஞ்சள் பிடித்து நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். செய்தி வந்த அன்றே நிறுத்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வரி உங்கள் கையில் இருக்கிறது. அது விதிப்படிதான் இருக்கிறது.

குலத்தான் என்பதால் இழவுக்குப் போனேன். இடுப்பில் கச்சை கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்து ஓலமிடும் ஆண்களோடு கூடாரத்துக்கு வெளியே நின்றேன். ஐகனிஷ் வண்டியிலிருந்து இறங்கினாள். இப்போது இவளைத் துரத்துவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அதற்காகத்தான் நான் அத்தனை மாதம் காத்திருந்தேன். அந்தக் கூடாரம் அவளுக்கு முகம் சுளிப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புருல்ச்சா உள்ளிருந்து எழுந்து வெளியே வந்தாள். துக்கத்தில் இருக்கும் மனைவி அப்படி வெளியே வரும் வழக்கமே இல்லை. வந்து ஐகனிஷின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உன்மேல எனக்குக் கோபம் இல்லடி. நிறுத்துய்யா நிறுத்துய்யான்னு நான் கத்தினேன். கேக்கல. கையேந்தினதைத் திருப்பி வாங்குறவன் நான் இல்லைன்னார். கடைசி மாத்திரையையும் தண்ணியில கரைச்சு ஊத்தச் சொன்னார், நான்தான் ஊத்தினேன்."

ஐகனிஷ் அவளைப் பிடித்தபடியே அசையாமல் நின்றாள். அவளுக்கு அப்போதுதான் புரிகிறது என்பதை நான் பார்த்தேன். ஜூன் மாதத்து விருந்து, அந்த ஆசி, ஒருவரும் விலகாதது, எல்லாம் அந்த நிமிடத்தில் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. பிறகு இருவரும் உள்ளே போய்ச் சேர்ந்து அழுதார்கள். அசன்குல் என் பெயரை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. புருல்ச்சா என்னைத் தாண்டித்தான் போனாள். குலத்தானுக்குச் சொல்லும் வணக்கத்தைச் சொன்னாள்.

மறுவாரம் ஐகனிஷ் என் அறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"தப்பு என்னுதுதான் அண்ணே. அந்த ஆசியை நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கின பிறகு திரும்பப் போய் ஒவ்வொருத்தரையும் கேட்டிருக்கணும். பெருமையில கண்ணு தெரியல."

"நீ நகரத்துப் பொண்ணு. உனக்கெப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருக்கணும். அவங்க வாழ்க்கையில கைவைக்கிறவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்." எழுந்தாள். "விசாரணைக்கு எழுதிக் கொடுத்துட்டேன். கண்காணிப்பாளர் விதிப்படி நடந்தார்னும் எழுதிட்டேன். உங்கமேல ஒரு சொல்லும் வராது, கவலைப்படாதீங்க."

அவள் எழுதிக் கொடுத்ததை நீங்கள் வாசித்திருப்பீர்கள். இப்போது நிறுவனத்தில் எல்லோரும் வாசித்துவிட்டார்கள். பட்டம் போனாலும் பரவாயில்லை என்று தன் தவறைத் தானே எழுதிக்கொடுத்த நேர்மையான பெண் என்கிறார்கள். மாணவர்கள் அவள் அறைக்கு வெளியே பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து அதே கருத்தரங்குக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். சபையில் சொல்லும் வாக்கு ஒருவனின் விலகும் உரிமையை எப்படிப் பறிக்கும் என்று இதுவரை யாரும் யோசிக்கவில்லையாம். இனிமேல் இப்படிப்பட்ட சோதனை எங்கே நடந்தாலும் சடங்குக்குப் பிறகு தனியாக ஒருமுறை திரும்பக் கேட்கவேண்டும் என்று விதி கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு அவள் பெயரையே வைக்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது.

அதை முதலில் கண்டவன் நான். அவளுக்கு இழவு வீட்டில் தெரிந்தது எனக்கு ஜூன் மாதமே தெரியும். அசன்குலின் உள்ளங்கைகள் முகத்தைவிட்டு இறங்குமுன் எனக்குத் தெரியும். மருந்து கொல்கிறது என்பதையும் அவளுக்கு முன்னால் நான்தான் கண்டேன். எழுதவேண்டியதை எழுதாமல் விட்டது நான். வாசல்வரை போனவனைத் திரும்ப மலைக்கு அனுப்பியது நான். அவள் ஒரு விருந்தில் கண்கலங்கினாள், அதைத் தவிர அவள் ஒன்றுமே செய்யவில்லை.

மனசாட்சி உறுத்தி இதை எழுதுகிறேன் என்று உங்கள் குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள். அப்படித்தான் நானும் நினைக்கிறேன். ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் நான் இல்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன், மேல்முறையீடு செய்யமாட்டேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்குக் கூடாரம் கிடைத்தது, குமிஸ் கிடைத்தது, புருல்ச்சாவின் கழுத்தணைப்பு கிடைத்தது, இப்போது விதிக்குப் பெயரும் கிடைக்கப்போகிறது. அசன்குலைக் கொன்றது நான். அதையாவது அவள் பெயரில் எழுதிவிடாதீர்கள்.